பிஜி சீட்டும் ஊர் ஆஸ்பத்திரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு வேலையில் இருக்கும் மயக்கவியல் மருத்துவர் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் பிஜி என்ற மேற்படிப்பை முடித்து, இப்போது தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். தியேட்டர் வாசலில் காத்திருக்கும் உறவுக்காரர்கள், டீக்கடையில் பேப்பர் பார்ப்பவர்கள், பிஜி நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குப் படிக்கும் ஹவுஸ் சர்ஜன்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்று யார் பேச்சுக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

எம்பிபிஎஸ் முடிச்சாலே டாக்டர்தானே? பிஜின்னு தனியா எதுக்கு?

டாக்டர்தான். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், ஆக ஐந்தரை வருஷம். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், சுகப்பிரசவம் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் சிசேரியன் செய்ய, அதற்கு மயக்கம் கொடுக்க, மூச்சுத் திணறும் பச்சைக்குழந்தையைப் பார்க்க, உடைந்த இடுப்பெலும்புக்குப் பிளேட் வைக்க அந்தந்தத் துறையில் மேற்படிப்பு வேண்டும். எம்டி, எம்எஸ் என்று மூன்று வருஷம். அதைத்தான் எல்லாரும் பிஜி என்கிறோம்.

இந்த மூன்று வருஷமும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை முதலில் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் பிஜிதான். வார்டு, கேஸ் ஷீட், ரத்தம் எடுப்பது, தியேட்டரில் கூட நிற்பது எல்லாம் அவர் வேலை. அதனால் ஒரு பிஜி சீட் என்பது படிக்க ஓர் இடம், கூடவே நோயாளியைப் பார்க்க ஓர் ஆள். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுத்தான் ஊரில் பாதி விவாதம் நடக்கிறது.

தமிழ்நாட்டுல டாக்டருக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு கிளினிக் இருக்கே?

தலையை எண்ணினால் பஞ்சமில்லை. மற்ற பல மாநிலங்களைவிட நாம் எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் எந்தத் துறைக்காரர் என்று பாருங்கள். நாடு முழுக்க நிலைமை என்ன என்பதற்கு ஒரு கணக்கு: மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரப்படி, சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் அறுவை மருத்துவர்களில் 83.2 விழுக்காடு பேர் இல்லை. குழந்தை மருத்துவர்களில் 81.6, பொது மருத்துவர்களில் 79.1, மகப்பேறு மருத்துவர்களில் 74.2 விழுக்காடு பேர் இல்லை.

"எங்க ஜிஹெச்ல ஒரு மயக்க டாக்டர் இருக்காரே" என்பார்கள். அந்த ஒருவர் நான்தான், அதனால் கணக்கைச் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மனிதர் 48 மணி நேரம் உழைத்தால், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், கோர்ட் சம்மன், பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். சிசேரியன் நடக்க மகப்பேறு, மயக்கம், குழந்தைகள் என்று மூன்று துறையிலும் ஆள் வேண்டும். ஆக சீமாங் என்கிற தாய்-சேய் அவசரச் சிகிச்சை மையம் ஒன்று உண்மையாகவே நாள் முழுக்க இயங்கப் பன்னிரண்டு சிறப்பு மருத்துவர்கள் வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும், மீதிப் பேர் இருந்தும் தாயை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி ரெஃபர் செய்ய வேண்டியதுதான். பற்றாக்குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

மாவட்டத்துக்கு ஒரு மெடிக்கல் காலேஜ் வந்தாச்சே, இன்னும் என்ன குறை?

வந்தது உண்மை. 2022 ஜனவரியில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. மொத்தம் 1,450 எம்பிபிஎஸ் இடங்கள். இதை எழுதும் வரை அரசுக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள் ஆறு: தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம்.

ஆனால் திறந்தது எம்பிபிஎஸ் கல்லூரி. புதுக் கல்லூரியில் பிஜி சீட் பின்னால்தான் வரும், அதுவும் துறை துறையாக, இரண்டு மூன்று இடங்களாக. இன்னொன்றும் நடக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாறிவிடும். தலைமை மருத்துவமனை என்ற பெயர் வேறொரு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகும். திண்டுக்கல்லில் கல்லூரி வந்ததும் அந்தப் பெயர் பழனிக்குப் போனது மாதிரி. போர்டு மாற்ற ஒரு பெயின்டர் போதும். தலைமை மருத்துவமனைக்கு உரிய டாக்டர்களை அங்கே கொண்டுவர வருஷங்கள் ஆகும்.

அப்ப பிஜி சீட்டை இரண்டு மடங்கா ஆக்க வேண்டியதுதானே? யாரு தடுக்குறா?

ஏற்கெனவே ஆக்கிவிட்டார்கள். 2014க்கு முன் நாட்டில் 31,185 பிஜி இடங்கள் இருந்தன. இப்போது எழுபதாயிரத்துக்கும் மேல். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அரசுக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இன்னும் 5,000 பிஜி இடங்களைச் சேர்க்க ஒப்புதல் தந்திருக்கிறது. ஓர் இடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை செலவு வரம்பு.

தடுப்பது ஆள் இல்லை, விதி. ஒரு துறையில் எத்தனை பிஜி எடுக்கலாம் என்பது அங்கே எத்தனை பேராசிரியர், இணைப் பேராசிரியர் இருக்கிறார்கள், எத்தனை படுக்கை, அதில் எத்தனை நிரம்புகிறது என்பதைப் பொறுத்தது. விதி நியாயமானதுதான். சொல்லிக்கொடுக்க ஆளும் பார்க்க நோயாளியும் இல்லாத இடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்து யாரும் சர்ஜன் ஆகிவிட முடியாது. ஆனால் கல்லூரிகளில் வாத்தியார்களுக்கே தட்டுப்பாடு. 2025ல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, ஆசிரியர் குறைவு பற்றி விளக்கம் கேட்டு, மருத்துவக் கல்விக்கு விதி போடும் தேசிய மருத்துவ ஆணையம் நோட்டீஸ் விட்டது. பிஜி குறைந்தால் நாளைய வாத்தியார் குறைவார், வாத்தியார் குறைந்தால் பிஜி குறையும். இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

காலேஜே இல்லாத ஆஸ்பத்திரியில பிஜி படிக்க முடியுமா?

முடியும். பலருக்கும் தெரியாத வழி இது. டிஎன்பி என்ற படிப்பு இருக்கிறது. 1975ல் தொடங்கிய தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது. எம்டி, எம்எஸ்ஸுக்கு ஈடானது. இதற்குக் கல்லூரி தேவையில்லை. தகுதியுள்ள மருத்துவமனை இருந்தால் போதும். தமிழ்நாட்டு மாவட்ட மருத்துவமனைகள் சிலவற்றிலும் டிஎன்பி நடக்கிறது.

இந்த வழி 2025 ஜூலையில் இன்னும் கொஞ்சம் அகலமானது. தேசிய மருத்துவ ஆணையத்தின் புது விதிப்படி, 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனையைப் பயிற்று மருத்துவமனையாக அறிவிக்கலாம். அங்கே பத்து வருஷம் வேலை பார்த்த சிறப்பு மருத்துவரை இணைப் பேராசிரியராக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் இரண்டு இடங்களோடு பிஜி தொடங்கலாம். இருபது வருஷமாக அப்படிப்பட்ட அரசு ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் சிசேரியன் செய்த ஓர் அம்மா, "உங்களுக்குக் கற்பிக்கும் அனுபவம் இல்லை" என்று நேற்று வரை சொல்லப்பட்டவர், இனி வாத்தியார் ஆகலாம். காகிதத்தில் இது பெரிய மாற்றம். நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். இங்கிருந்து அங்கே ஒரு பணியிடத்தை நகர்த்துவது, சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்கு நடுவில் வரப்பை நகர்த்துகிற மாதிரி.

முன்னாடி எங்க ஊர்ல டிஜிஓ டாக்டர் அம்மா இருந்தாங்க. இப்ப டிஜிஓ, டிசிஹெச் போர்டே காணோமே?

நல்ல கேள்வி. இதை அமைச்சர்களே கேட்பதில்லை. மகப்பேறுக்கு டிஜிஓ, குழந்தைகளுக்கு டிசிஹெச், மயக்கத்துக்கு டிஏ என்று இரண்டு வருஷ டிப்ளமோக்கள் இருந்தன. நம் தாலுகா ஆஸ்பத்திரிகளைப் பல காலம் தாங்கியவர்கள் இவர்கள்தான். டிப்ளமோ படித்தவர் கல்லூரியில் வாத்தியாராக முடியாது. ஆகவே வாத்தியார் பஞ்சத்தைத் தீர்க்க, டிப்ளமோ இடங்களை ஒப்படைத்துவிட்டு எம்டி, எம்எஸ் என்ற டிகிரி இடங்களாக வாங்கிக்கொள்ளலாம் என்று, தேசிய மருத்துவ ஆணையத்துக்கு முன்பு இருந்த மருத்துவக் கவுன்சில் வழி திறந்தது. 2019 வாக்கில் தமிழ்நாடு தன் அரசுக் கல்லூரி டிப்ளமோ இடங்களை அப்படி மாற்றிக்கொண்டது.

கல்லூரிக்கு இதனால் லாபம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு லாபமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எம்டி படித்தவருக்குக் கல்லூரி, கார்ப்பரேட் ஆஸ்பத்திரி, சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்று பல கதவுகள் திறக்கும். டிஜிஓ முடித்தவர் பெரும்பாலும் ஊரில் நிலைத்தார். இந்த இழப்பைப் புரிந்துகொண்டதாலோ என்னவோ, 2020ல் தேசியத் தேர்வு வாரியம் மயக்கம், மகப்பேறு, குழந்தைகள், குடும்ப மருத்துவம் உட்பட எட்டுத் துறைகளில் இரண்டு வருஷ டிப்ளமோவைத் திரும்பக் கொண்டுவந்தது. அதோடு, எம்பிபிஎஸ் டாக்டர்களுக்குச் சில மாதங்களில் உயிர்காக்கும் மயக்கப் பயிற்சியும் அவசரப் பிரசவப் பயிற்சியும் தரும் திட்டங்கள் தேசிய ஊரகச் சுகாதார இயக்கக் காலத்திலிருந்து உண்டு. அவை ஆபத்துக்கு உதவும், பிஜிக்கு ஈடாகாது.

சர்வீஸ் கோட்டான்னு சொல்றீங்களே, அது யாருக்கு?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் ஏற்கெனவே வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு. அரசுக் கல்லூரியில் நூறு பிஜி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி ஐம்பதில் பாதி, அதாவது இருபத்தைந்து, தமிழ்நாட்டில் சர்வீஸ் டாக்டர்களுக்கு. அவர்களும் நீட் பிஜி எழுதித்தான் வர வேண்டும், சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. படிக்கும் மூன்று வருஷமும் சம்பளம் உண்டு. பதிலுக்கு, ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு இருபத்தாறு வயதுப் பிள்ளையை மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வைப்பது எது என்று யோசியுங்கள். சம்பளம் ஒரு பங்கு, அரசு வேலை என்ற மரியாதை ஒரு பங்கு. ஆனால் நான் பார்த்தவரை, "இரண்டு வருஷம் இங்கே ஓட்டினால் பிஜிக்கு ஒரு வழி இருக்கிறது" என்ற நம்பிக்கைதான் பெரும்பங்கு. கோட்டா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆளைக் கொண்டுவருகிறது. அதே ஆளைச் சிறப்பு மருத்துவராக்கித் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் திருப்பியும் அனுப்புகிறது. ஒரே கயிற்றின் இரண்டு முனை.

அதுல ஏதோ சுப்ரீம் கோர்ட் கேஸ் எல்லாம் நடந்துச்சே?

நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஆகஸ்ட்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், டிகிரி இடங்களில் சர்வீஸ் கோட்டா செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவக் கவுன்சில் விதிப்படி, தொலைதூர, கடினப் பகுதிகளில் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம். தனி ஒதுக்கீடு டிப்ளமோவுக்கு மட்டும்தான். 2017ல் இங்கே டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கியது இதற்காகத்தான். எது தொலைதூரம், எது கடினம் என்று பட்டியல் போட்டதும் தனி வழக்கானது. அப்புறம் மேலே சொன்ன மாதிரி டிப்ளமோ இடங்களும் டிகிரியாக மாற, கையில் இருந்ததும் போனது.

2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நிலைமையைத் திருப்பியது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கு அது. சர்வீஸ் டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, மருத்துவக் கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு. அதே நவம்பரில் தமிழ்நாடு அரசு, எம்டி, எம்எஸ்ஸுக்கு அடுத்த படியான டிஎம், எம்சிஹெச் என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களிலும் 50 விழுக்காடு ஒதுக்கி அரசாணை போட்டது. அந்த வருஷம் அது நடக்கவில்லை. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

எங்க மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கே பிஜி சீட்டை ஒதுக்கிட்டா ஊரை விட்டுப் போக மாட்டாங்கல்ல?

மனசுக்குச் சரியாகப் படுகிறது. சட்டத்தில் இடமில்லை. 2025 ஜனவரி 29 அன்று, பிஜி மருத்துவ இடங்களில் வசிப்பிட அடிப்படையில் ஒதுக்கீடு செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மாநிலத்துக்கே முடியாது என்னும்போது மாவட்டத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் சர்வீஸ் கோட்டாவை இவ்வளவு இழுத்துப் பேசுகிறேன். அது எங்கே பிறந்தாய் என்று கேட்பதில்லை, எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கிறது. பிறந்த ஊருக்கு மதிப்புத் தரும் இடம் எம்பிபிஎஸ் சேர்க்கையில் ஓரளவு இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததே, அதில் வந்தவர்களில் நிறையப் பேர் கிராமத்துப் பிள்ளைகள். முதல் அணி இப்போதுதான் படிப்பை முடித்து வெளியே வருகிறது. அவர்கள் சர்வீஸில் சேர்கிறார்களா என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்பத்தான் பிஜி டாக்டருங்களை மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்களே, அது போதாதா?

அதற்குப் பெயர் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம். நாங்கள் டிஆர்பி என்போம். 2020ல் அறிவித்து, 2021ல் சேர்ந்தவர்களிலிருந்து கட்டாயம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டர்களில் ஏதோ ஒன்றில் மூன்று மாசம். இதை முடிக்காமல் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. முதலில் நூறு படுக்கை மருத்துவமனை வேண்டும் என்றிருந்தது, 2023 விதியில் ஐம்பது படுக்கை ஆனது. உதவித்தொகையைச் சொந்தக் கல்லூரியே கொடுக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன்: ஒரு மாசம் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறது, ஒரு மாசம் நன்றாக வேலை செய்கிறார்கள், மூன்றாவது மாசம் மனசு தீசிஸுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் எல்லா மானிட்டரும் இருக்கும், கூப்பிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கே ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒரு சிஸ்டரும்தான். "சார், இதை வச்சு எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்ட ஒரு பையன், போகும்போது ஸ்பைனல் என்ற முதுகு ஊசி மயக்கம் கொடுத்துவிட்டு நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டு போனான். பற்றாக்குறைக்கு மருந்து என்று கேட்டால், இல்லை. இது அறிமுகம்.

லட்சக்கணக்குல பாண்டு எழுதி வாங்கிட்டா ஓட மாட்டாங்கல்ல?

ஏற்கெனவே வாங்குகிறார்கள். சர்வீஸில் இல்லாமல் நேராக வந்து அரசுக் கல்லூரியில் பிஜி முடிப்பவர்கள் அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பல லட்சம் கட்ட வேண்டும். இதனால் ஆள் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலம் முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு இருப்பவர் அந்த ஊரில் வீடு பார்க்க மாட்டார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டார். நோயாளியும் மூன்று தடவை வருவதற்குள் மூன்று டாக்டரைப் பார்ப்பார்.

இன்னொரு கூத்தும் உண்டு. எந்த இடத்தில் அந்தத் துறைக்குப் பணியிடம் இருக்கிறது, கருவி இருக்கிறது என்று பார்க்காமல் ஆணை போட்டுவிடுவது. நான் பிஜி முடித்து முதலில் போன ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் பாயில்ஸ் மெஷின் பழுதாகி ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. ஐந்து மாசம் நான் புறநோயாளிகளுக்குச் சளி மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். அரசு மூன்று வருஷம் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது அதற்காகவா? 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசாணை 354 என்ற சம்பளக் கோரிக்கைதான் செய்தியில் அடிபட்டது. பிஜி முடித்தவர்களுக்கு வெளிப்படையான கலந்தாய்வு மூலம் இடம் கொடு என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அதைப் பெரிதாக யாரும் எழுதவில்லை.

சர்வீஸ் டாக்டர் பிஜி படிக்கப் போயிட்டா பிஹெச்சி காலியாயிடுமே?

ஆகும். இது என் வாதத்தின் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் போனால் பக்கத்து நிலையத்து டாக்டரைத் திங்கள், புதன் என்று டெபுடேஷனில் போடுவார்கள். அவருடைய சொந்த நிலையம் அன்றைக்குக் காலி. படிக்கப் போகிறவர்களுக்கு ஈடாகக் கூடுதல் பணியிடம் வைத்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வருஷம் தவறாமல் ஆள் எடுத்தால் சமாளிக்கலாம். தேர்வு தள்ளிப்போகும் வருஷங்களில்தான் ஊரில் கூச்சல் வருகிறது. கோட்டாவைக் குறைத்தால் இந்தக் காலியிடம் நிரம்பிவிடும் என்று நினைக்காதீர்கள். போகிறவர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வர மாட்டார்.

சின்ன ஊர்ல பிஜி படிச்சவரு கையில நம்பி உடம்பைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கேள்வி அபத்தமில்லை. பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதான். டிஎன்பி பரீட்சையில் தேறுவது எளிதல்ல என்று எழுதியவர்களைக் கேட்டால் தெரியும். மாவட்ட மருத்துவமனையில் பிரசவம், விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து எல்லாம் குவிகிறது. கை பழக அங்கே வாய்ப்பு அதிகம். குறைவது வேறு: அரிய நோய்கள், ஸ்கேன் வசதிகள், நூலகம், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நிற்க வைத்துக் கேட்கும் பேராசிரியர்.

இதற்கு வழி இருக்கிறது. மூன்று வருஷத்தில் சில மாசங்கள் பெரிய கல்லூரிக்கு அனுப்புவது. டிஆர்பியில் கல்லூரியிலிருந்து மாவட்டத்துக்கு மூன்று மாசம் வருகிறார்கள் அல்லவா, அதையே தலைகீழாகப் போடுவது. ஆசிரியர் இரண்டே பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் மாற்றலானால் பிஜி அநாதையாகிவிடுவார் என்பதுதான் என் உண்மையான பயம். மாற்றல் ஆணை போடுகிறவர்கள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

படிச்ச ஊர்லயே இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?

நிச்சயம் எதுவும் இல்லை, சாத்தியம் கூடும். அமெரிக்காவில் டாக்டர்களில் பாதிக்கு மேல் தாங்கள் உறைவிடப் பயிற்சி (நம் பிஜி மாதிரி) முடித்த மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள் என்பது பல வருஷமாகத் தெரிந்த கணக்கு. காரணம் சாதாரணமானது. இருபத்தெட்டு வயதில் மூன்று வருஷம் ஓர் ஊரில் இருந்தால் கல்யாணம் ஆகிறது, நண்பர்கள் ஆகிறார்கள், எந்த லேப் நம்பகமானது என்று தெரிகிறது. ஜப்பானில் 1972ல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை இதற்காகவே தொடங்கினார்கள். 47 மாகாணங்களிலிருந்தும் இரண்டு மூன்று பிள்ளைகளை எடுத்து, கட்டணமில்லாமல் படிக்க வைத்து, சுமார் ஒன்பது வருஷம் சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். கெடு முடிந்த பிறகும் கணிசமானவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சி இருக்கிறது. மிஷன் மருத்துவமனைகள் மாணவர்களைப் பரிந்துரைத்து அனுப்பும். படிப்பு முடிந்ததும் அவர்கள் இரண்டு வருஷம் அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் வேலை பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010லும் 2021லும் வெளியிட்ட பரிந்துரைகளும் இதே பாதையில்தான் போகின்றன: கிராமத்துப் பிள்ளையை எடு, தலைநகருக்கு வெளியே படிக்க வை, படிக்கும்போதே கிராமத்தைக் காட்டு, வீடும் பள்ளியும் சம்பளமும் சேர்த்துக் கொடு. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் செய்வது நம் வழக்கம்.

பிஜி சீட் காலியா கிடக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே? அப்ப சீட் போதும்னுதானே அர்த்தம்?

காலியாகக் கிடப்பது பெரும்பாலும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மாதிரி நோயாளியைத் தொடாத துறைகள். அவற்றை நிரப்பத்தான் 2023ல் நீட் பிஜி கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு, அதாவது பரீட்சை எழுதிய எல்லாருக்கும் தகுதி என்கிற அளவுக்கு, இறக்கினார்கள். ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் எல்லாம் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். மொத்த எண்ணிக்கையை மட்டும் சொன்னால் எந்தத் துறை, எந்த ஊர் என்று உடனே திருப்பிக் கேளுங்கள்.

என் பொண்ணு ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போறா. பிஹெச்சியில சேரலாமா, நேரா பிஜி எழுதலாமா?

ரேங்க் நன்றாக வரும் என்று அவளுக்கே நம்பிக்கை இருந்து, குறிப்பிட்ட ஒரு துறைதான் வேண்டும் என்றால் ஒரு தடவை நேராக எழுதிப் பார்க்கட்டும். வருஷக்கணக்கில் கோச்சிங் கிளாஸில் உட்கார வைக்காதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு வேலைக்குத் தேர்வு வைத்தால் அதையும் எழுதட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷம் முடிந்ததும் சர்வீஸ் வழி திறக்கும். புறநோயாளிகள் மதியத்துக்குள் முடிந்துவிடும் நிலையங்கள் உண்டு. நான் படித்தது அந்த மதியங்களில்தான். பிரசவம் அதிகம் நடக்கும் நிலையம் கிடைத்தால் படிக்க நேரம் குறையும், கை பழகும். ஓய்வு வரை அரசுப் பணி என்ற உறுதியைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். கல்யாணம் பேசும்போது புதிதாகத் தெரிய வேண்டாம்.

படித்து முடித்து இடம் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். காலியிடப் பட்டியலில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். முந்தின நாளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தியேட்டர் சிஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்: மெஷின் ஓடுகிறதா, ராத்திரியில் ரத்தம் கிடைக்குமா, கூட இன்னும் எத்தனை பேர் டூட்டி பார்க்கிறார்கள்?